பக்கத்து நாற்காலி டிரைவர்

பொறாமைப்படவும் ஒரு தகுதி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் வயிறு எரிவது யாராலும் முடியும். உலகத்திலேயே இல்லாத ஒரு மனிதரைப் பார்த்து, அதுவும் தன் மனைவி வாய் நிறைய ‘அண்ணா’ என்று கூப்பிடுகிற ஒருவரைப் பார்த்துக் காதில் புகை விட வேண்டுமென்றால், அதற்கு நம் ஆமாஞ்சாமி மாதிரி ஒருவர் பிறந்து வர வேண்டும்.

பிறந்தபோதே அவர் இரண்டாவது. அண்ணனுக்குத் தைத்த சட்டை இவருக்கு வந்து சேரும்போது காலர் நைந்திருக்கும். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்குக் கையெழுத்து அழகாக இருந்தது என்பதற்காக ஒரு வருடம் முழுக்க அவனோடு பேசவில்லை. பெரியவனானதும் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். எதிர்க்கடையில் கூட்டம் சேர்ந்தால் முதலாளி பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், இவருக்குத்தான் சோறு இறங்காது. கடைசியில் முதலாளி கடையை எதிர்க்கடைக்காரரிடமே விற்றுவிட்டு, வீட்டில் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்துவிட்டார். வேலை போன கவலை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் ஆமாஞ்சாமிக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு கிடைத்தது மெத்தைக் கடை மாடியில் வேலை. படிக்கட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருப்பார்கள், ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். மேலே நீளமான ஓர் அறை. கதவில் ‘வாடிக்கையாளர் சேவை’ என்று பலகை. உள்ளே வாடிக்கையாளரும் கிடையாது, சேவையும் கிடையாது. மேயர் தேர்தலில் நிற்கிற ஒரு காண்ட்ராக்டருக்காக, ஊர் ஜனங்கள் எழுதுவது போல இணையத்தில் கமெண்ட் எழுதுகிற இருபது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மரப்பலகை. அதில் ரப்பர் பேண்டு போட்டு வரிசையாக நிறுத்திய செல்போன்கள். ஒரு போனுக்கு ஒரு பொய் ஆள். அந்தப் பொய் ஆளுக்கு அறையில் ‘தலை’ என்று பெயர். ஆமாஞ்சாமிக்குப் பதினெட்டுத் தலை. இராவணனே எழுந்து இடம் கொடுக்க வேண்டும். ஒரு தலை கல்லூரி மாணவி, ஒரு தலை கறிக்கடைக்காரர், ஒரு தலை மூட்டுவலியோடு இருக்கிற குமாஸ்தா.

காலையில் அறையை மேய்க்கிறவர் வந்து அன்றைய சங்கதியைச் சொல்வார். அவரை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள்.

“பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளிய கொண்டுபோறது நல்லது. இன்னிக்கு இதுதான். அவங்கவங்க வாயால சொல்லுங்க. ஒரே மாதிரி சொல்லித் தொலைக்காதீங்க.”

ஒருவருடைய தலை எழுதும். மற்றவர்களின் தலைகள் ஓடிவந்து தூக்கிவிடும். ‘சரியாச் சொன்னீங்க’, ‘இதைத்தான் நானும் நெனச்சேன்’, ‘ஆமா ஆமா’. தூக்கிவிடுவதில் நம்மவர் புலி. பதினெட்டு வாயாலும் சளைக்காமல் ஆமாம் போடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

தூக்குவது போல அமுக்குவதும் உண்டு. எதிர்த்தரப்பு ஆள் எழுதியது எதையாவது யாராவது பார்த்தால், அதன் லிங்கை அறையின் குழுவில் போடுவார். உடனே இருபது பேரும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அதைத் திறந்து அடிக்க வேண்டும். வசவுகள் முன்கூட்டியே போனில் தயாராக இருக்கும். ஆண்களுக்கு ஒரு ரகம், பெண்களுக்கு ஒரு ரகம். ஓர் எழுத்தைத் தட்டினால் முழு வசவும் வந்து நிற்கும். இதற்கு ஒரே ஒரு சட்டம்தான்.

“படிச்சிக்கிட்டு உக்காராதீங்க. படிச்சா கை நின்னுபோகும். அடிங்க,” என்பார் மேஸ்திரி.

யாரும் படிப்பதில்லை. வெளியில் மூச்சு விட்டாலும் வேலை போய்விடும் என்பதால், வாங்கிய சாமான் சரியில்லை என்று புகார் சொல்கிறவர்களுக்குப் பதில் எழுதுகிற வேலை என்றுதான் ஆமாஞ்சாமி வீட்டில் சொல்லி வைத்திருந்தார். ‘இந்த இணைய வம்பெல்லாம் நான் பாக்கிறதே இல்ல’ என்று அடிக்கடி சொல்லவும் செய்வார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெரிய மனுஷத்தனம் வரும்.

பக்கத்து நாற்காலியில் டீச்சர். முன்பு மழலையர் பள்ளியில் வேலை பார்த்த அம்மா. முதுகுவலிக்காக வீட்டிலிருந்து ஒரு பூப்போட்ட தலையணையைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்திருப்பார். பஸ் என்ன, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் அவருடைய தலைகளில் ஒன்று, முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர். மனைவியை இழந்தவர். டீச்சரின் வழி தனி. நாலு தடவை எழுதினால் மூன்றில் அரசியல் வாசனையே இருக்காது. தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் கடைசி சீட்டுக்காரர்கள் தூங்கி விழுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியது, மழையில் ஸ்டாப் இல்லாத இடத்தில் ஒரு கர்ப்பிணிக்காக வண்டியை நிறுத்தி மெமோ வாங்கியது, டிபன் பாக்ஸைத் திறக்காமலே, மனைவி எதை வைக்க மறந்திருப்பாள் என்று மூடியைத் தொட்டதுமே தெரிந்தது. நாலாவதில் போகிற போக்கில், ‘பழைய ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் யார் பிள்ளை குறுக்கே வருமோ என்று உயிர் போய் உயிர் வரும், புது ஸ்டாண்டு வந்தால் நல்லது’ என்று ஒரு வரி.

எட்டாயிரம் பேர் அந்த டிரைவர் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். அத்தனையும் நிஜ மனிதர்கள். ஆமாஞ்சாமியின் பதினெட்டுத் தலையும் சேர்ந்து கத்தினாலும் அறைக்கு வெளியே ஒரு நாய் திரும்பிப் பார்க்காது.

“அதெப்படி டீச்சர், உங்க ஆளுக்கு மட்டும் இவ்வளவு கூட்டம்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

“அவரு நல்லவருப்பா,” என்றார் டீச்சர், ஏதோ எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அதுவரைக்கும் இது வெறும் தொழில் பொறாமை. வயிறு எரியும், ஒரு தேநீர் குடித்தால் அடங்கும். அடங்காத பொறாமை வீட்டிலிருந்து வந்தது.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சட்டத்தைச் சூடுகாட்டி இளக்கி, லென்ஸைப் பொருத்தி, வந்தவர் மூக்கில் வைத்து, காதோரம் வளைத்துக் கொடுக்கிற வேலை. முன்பெல்லாம் கடையில் நடந்ததை வீட்டுக்கு வந்ததும் கொட்டுவாள். யாரையாவது இவள் பாராட்டிவிட்டால் போதும், ‘அவன் என்ன பெரிய இவனா?’ என்று ஆமாஞ்சாமி ஆரம்பித்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் சாப்பிடும்போது போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்ன அப்படிச் சிரிப்பு?”

“ஒரு டிரைவர் அண்ணன் எழுதுறாருங்க. ஒரு கிழவி அவரு பஸ்ல தெனமும் ஏறி, இந்த பஸ் எங்க போகுதுன்னு கேப்பாங்களாம். சொன்னதும், அப்ப நான் எறங்கிக்கிறேன்னு அடுத்த ஸ்டாப்ல எறங்கிருவாங்களாம். டிக்கெட் எடுக்கிறதே இல்ல.”

ஆமாஞ்சாமி கையில் எடுத்த கவளம் தட்டுக்கே போனது. அந்தக் கிழவி பிறந்த இடம் அவருக்குத் தெரியும். காலையில் பக்கத்து நாற்காலியில், தலையணையில் சாய்ந்துகொண்டு, டீச்சர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி பெற்றெடுத்த கிழவி அது.

“யாரோ எவனோ எழுதினா சிரிப்பியா? இதெல்லாம் டூப்பா இருக்கும்.”

“உங்களுக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு?” என்று போனைத் திருப்பி வைத்தாள். சிரிப்பு போய்விட்டது.

இன்னொன்றும் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வெளியே போனால் அவள் கடைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் காண்ட்ராக்டரின் பெயரைக் கேட்டாலே கரித்துக்கொட்டுவாள். ஆமாஞ்சாமி மாதக்கணக்கில் அவளோடு வாதாடிப் பார்த்து, வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது அவளே ஒருநாள் சொன்னாள், “ரெண்டு பஸ் மாறினா மாறிட்டுப் போறேன். குழந்தைங்க குறுக்க ஓடுற எடம்னு டிரைவர் அண்ணன் சொன்னாரு, நான் அதை யோசிக்கவே இல்ல.” கூலிக்கு எழுதுகிறவருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? ஊரில் ஒரே ஒரு நிஜ மனிதரின் மனசைக்கூட அவர் இதுவரை மாற்றியதில்லை. டீச்சர் மாற்றிவிட்டார், அதுவும் இவர் வீட்டுக்குள் புகுந்து.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்த டிரைவர் எழுதுவதைப் படித்து மலர்கிற மனைவியின் முகம் தான் பேசும்போதும் மலர வேண்டும். அதற்கு நேர்வழியில் போயிருந்தால், கடையில் இன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். இவர் போன வழி வேறு. தன் சொந்த போனிலேயே பத்தொன்பதாவதாக ஒரு தலையை உருவாக்கினார். ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு மகள்களையும் இழந்தவர். டிரைவரைவிடச் சோகம் தூக்கலாக இருக்கட்டும் என்றுதான். அந்தத் தலையிலிருந்து மனைவிக்குப் போய் வணக்கம் சொன்னார். மனைவி அன்று மாலையே சொன்னாள்:

“இன்னிக்கு ஒரு தபால்காரரு வந்தாருங்க. கூலிக்கு எழுதுற ஆளு மாதிரி இருந்துச்சு. பாத்தவுடனே பிளாக் பண்ணிட்டேன்.”

“பாத்தவுடனே எப்படித் தெரியும்?” என்றார் ஆமாஞ்சாமி, அடிபட்ட குரலில்.

“எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு போட்டிருந்தாருங்க.”

இதற்குப் பிறகும் மனிதர் அடங்கவில்லை. டீச்சர் எதை எழுதினாலும், அதன் கீழே தன் மனைவி என்ன எழுதியிருக்கிறாள் என்று தேடிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. தேர்தலுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், மத்தியான வேளையில், ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி டிரைவர் எழுதியிருந்ததன் கீழே அது கிடைத்தது.

‘அண்ணா, நான் கார் ஓட்டக் கத்துக்கிறேன். வீட்டுல இன்னும் சொல்லல. லைசென்ஸ் வாங்கினப்பறம்தான் சொல்லணும்னு இருக்கேன். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கை நடுங்குது. என்ன செய்யணும்?’

அதற்கு டிரைவர், ‘அவசரப்படாதேம்மா. முதல்ல கண்ணாடியைப் பாரு, அப்பறம் கழுத்தைத் திருப்பு. உனக்கு வந்துரும்’ என்று பதில் சொல்லியிருந்தார். சைக்கிள் ஓட்டத் தெரியாத டிரைவர்.

ஆமாஞ்சாமிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்வது இந்தப் பூப்போட்ட தலையணைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! பக்கத்தில் டீச்சர் ஒன்றுமறியாமல் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டிய அதே நொடியில் அவருக்கு யோசனை வந்தது. அறையில் யாரும் படிப்பதில்லை. லிங்கைக் குழுவில் போட்டால் போதும், இருபது பேரும் தங்கள் கட்சித் தலையையே அடித்து, புகார் கொடுத்து, கணக்கை மூட வைத்துவிடுவார்கள். கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். டிரைவர் ஒழிந்தான்.

கண்ணில் எரிச்சல் இருக்கும்போது கை சரியாகப் போகாது. திரையில் திறந்திருந்தது மனைவி எழுதிய கமெண்ட். அதன் அடியில் இருந்த பகிர்வுக் குறியைத்தான் தட்டினார். டிரைவரின் பதிவுக்கான லிங்குக்குப் பதிலாக அந்தக் கமெண்டுக்கான லிங்க் குழுவில் போய் விழுந்தது. ‘அவசரம்’ என்று வேறு சேர்த்திருந்தார்.

அறை முழுக்கக் கட்டைவிரல்கள் எழுந்தன. சட்டத்தின்படி அவரும் தன் பலகையை முன்னால் இழுத்து, லிங்கைத் திறந்து, முதல் போனிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். படிக்கவில்லை. பெண் பெயர் என்று கண்ணோரத்தில் பட்டதும் விரல் தானாகப் பெண்களுக்கான எழுத்தைத் தட்டியது. ‘அடுப்படியில இருக்க வேண்டியவளுக்கு ஊர் நியாயம் கேக்குதா?’ ‘புருஷனுக்குத் தெரியாம எவன்கூட ஊர் சுத்தப் போற?’ அதற்கு மேல் இருந்தவற்றை இங்கே எழுத எனக்கு வாய் கூசுகிறது. கடைசி போனுக்கு வந்தபோதுதான் படம் தெளிவாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில், போன வருடம் இவரே எடுத்துக் கொடுத்த படம்.

“நிறுத்துங்க! இது வேற ஆளு!” என்று எழுந்து கத்தினார்.

மேஸ்திரி வந்து திரையைப் பார்த்தார். “நீதானே போட்ட? யாரு இது? எதிர்த்தரப்புதானே?”

என் மனைவி என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று அந்த நிமிடமே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான்.

“ஆமா,” என்றார் ஆமாஞ்சாமி.

“அப்பறம் என்ன? உக்காரு.”

அந்த அறையில் ஒரே ஒருவர் மட்டும் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வசவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, டிரைவர் போனைக் கையில் எடுத்தார். ‘இந்தத் தங்கச்சி என்கிட்ட வழி கேட்டா. அதுக்கு இத்தனை பேரு வந்து காறித் துப்புறீங்களே, உங்க வீட்டுல பொண்ணுங்க இல்லையா? அம்மா, நீ பயப்படாதே. நீ ஓட்டு.’ அறையின் அத்தனை தலைகளுக்கும் எதிராக ஒரே ஒரு தலை நின்றது. சாயங்காலம் வரை விடாமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னது.

வீட்டுக்குப் போனால் மனைவி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். எல்லாவற்றையும் சொன்னாள். கார் கற்றுக்கொள்வதையும் சேர்த்துச் சொன்னாள்.

“ஒரே ஒரு வரி எழுதுங்க. உங்க பேர்ல. இவ என் பொண்டாட்டி, இவ வண்டி ஓட்டுறது எனக்குச் சம்மதம்னு. போதும். அவங்க வாய அடைச்சிரலாம்.”

அவர் பெயரில் ஒரு வரி போனால் மேஸ்திரி கண்ணில் பட்டுவிடும். “இதுக்கெல்லாம் பதில் சொன்னா இன்னும் கூடும். விட்டுத் தள்ளு,” என்றார்.

“டிரைவர் அண்ணன் சொன்னாரே!”

அத்தனை வசவுக்கு நடுவிலும் ஆமாஞ்சாமிக்குச் சுருக்கென்று தைத்தது அந்த வார்த்தைதான். தான் திட்டியது பெரிதாகத் தெரியவில்லை, அவன் காப்பாற்றியதுதான் தாங்கவில்லை. மனிதருக்கு வந்தது அப்படிப்பட்ட வியாதி.

மறுநாள் டீச்சரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்த ஆட்களையே அடித்தது குற்றம். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “அந்தப் பொண்ணு யாருன்னு தெரியலப்பா. பாவம், நல்ல பொண்ணு,” என்று ஆமாஞ்சாமியிடம் சொல்லிவிட்டு, மெத்தைகளுக்கு நடுவே ஒருக்களித்து இறங்கிப் போனார். ஒழிந்தது சனியன் என்று நம்மவருக்கு வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் மேஸ்திரி டிரைவர் போனைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தார்.

“அந்தச் சண்டைக்கப்பறம் இன்னும் ரெண்டாயிரம் பேரு சேந்திருக்காங்க. இவரைச் சாக விடக் கூடாது. நீதான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்க. இனிமே நீதான் டிரைவர்.”

போன் அதிர்ந்தது. தனிச்செய்தி. மனைவியிடமிருந்து.

‘அண்ணா, கிளாஸை விட்டுரலாம்னு இருக்கேன். நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் பேசினீங்க. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதல.’

வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் தூக்காமலும் அமுக்காமலும் ஆமாஞ்சாமி ஒன்றை எழுதினார். ‘விடாதேம்மா. நாளைக்குப் போ. உன் வீட்டுக்காரருக்கு உன் மேல ரொம்பப் பிரியம் இருக்கும். சில பேருக்கு அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. நீ ஓட்டிட்டு வர்றதைப் பாத்தா அவரைவிடச் சந்தோஷப்படுற ஆளு இருக்க மாட்டாங்க.’ எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியது. அத்தனையும் உண்மை.

அன்று மாலை வீட்டில் விளக்கு எரிந்தது. மனைவி மறுநாள் கிளாஸுக்குப் போட்டுப் போகிற உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளாக அவர் பார்க்க ஏங்கிய முகம், மலர்ந்து இருந்தது.

“டிரைவர் அண்ணன் போகச் சொல்லிட்டாருங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? உங்களுக்கு என் மேல ரொம்பப் பிரியமாம். வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியாதாம்.”

ஆமாஞ்சாமி வாயைத் திறந்தார். நான்தான், அது நான்தான் என்று தொண்டை வரைக்கும் வந்தது. எந்த நுனியைப் பிடித்து இழுத்தாலும் மெத்தைக் கடை மாடியும், பதினெட்டு போனும், அந்த வசவுகளும் சேர்ந்தே வந்து விழும். வாயை மூடிக்கொண்டார்.

மனைவி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு இஸ்திரி போட்ட உடுப்பின் கையைத் திருப்பிப் போட்டாள்.

“பாருங்க, அதைக்கூட அவருதான் சொல்ல வேண்டியிருக்கு,” என்றாள்.

அன்றைக்கு வெறுத்த மாதிரி அந்த டிரைவரை ஆமாஞ்சாமி என்றைக்கும் வெறுத்ததில்லை. விடிந்ததும் போய் அந்த டிரைவராகவே உட்கார வேண்டியிருந்தது.